மெடிகேர் வந்த பிறகு பல்லும் கண்ணும்: டென்டலை வைத்துக்கொண்டேன், விஷனை விட்டுவிட்டேன்

அமெரிக்காவில் 65 வயதாகி, மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டின் அட்டை கைக்கு வந்ததும் பலருக்கு வரும் சந்தேகம், பல்லுக்கு என்ன செய்வது என்பதுதான். மெடிகேர் இதயத்தைப் பார்க்கும், முழங்காலைப் பார்க்கும். பல் சுத்தம் செய்யவோ, சொத்தை அடைக்கவோ, மூக்குக்கண்ணாடி வாங்கவோ காசு தராது. இதய வால்வு மாற்றுவது, உறுப்பு மாற்றுவது போன்ற சிகிச்சைக்கு முன் வாயில் இருக்கும் தொற்றைச் சரிசெய்ய வேண்டியிருந்தால் கொடுக்கிறார்கள். 2023-இல் அந்த விதியைத் தெளிவாக்கினார்கள். மெடிகேர் போக நம் பங்குக்கு வரும் செலவுக்காகத் தனியாரிடம் துணையாக வாங்கும் மெடிகேப் பாலிசியிலும் பொதுவாகப் பல்லுக்கு ஒன்றும் கிடையாது.

நான் நியூஜெர்சியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கம்பெனி தந்த டென்டல் காப்பீட்டை, வேலையை விட்ட பிறகும் தொடர விடும் கோப்ரா சட்டத்தின் வழியாக 18 மாதம் நீட்டிக்க முடிந்தது, முழு பிரீமியமும் நம் தலையில். அது முடிந்ததும் தனியாக ஒரு டென்டல் பிபிஓவும் (கம்பெனியோடு விலை ஒப்பந்தம் உள்ள மருத்துவர்களிடம், அதாவது நெட்வொர்க்கில், செலவு குறையும் திட்டம்) கண்ணுக்கு ஒரு விஷன் திட்டமும் எடுத்தேன். பழைய காப்பீடு முடியும் தேதிக்கும் புதியது தொடங்கும் தேதிக்கும் நடுவே இடைவெளி விடவில்லை. பழைய கம்பெனியிடம் கடிதம் வாங்கிக் கொடுத்ததால், கிரவுன் (பல்லுக்குப் போடும் உறை), ரூட் கெனால் (பல் வேர் சிகிச்சை) இவற்றுக்கு இருந்த 12 மாதக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்தார்கள். எல்லாக் கம்பெனியும் செய்வதில்லை. சேரும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

டென்டலுக்கு மாதம் ஏறத்தாழ 50 டாலர். சுத்தம் செய்வதற்கு 100 சதவீதம், அடைப்புக்கு 80, கிரவுனுக்கு 50 என்ற வழக்கமான கணக்கு. ஆண்டு உச்சவரம்பு 1,500 டாலர், அதற்கு மேல் ஆவது எல்லாம் நம் செலவு. மருத்துவக் காப்பீட்டில் செலவு பெரிதாகும்போது கம்பெனி சுமக்கும். இங்கே செலவு பெரிதாகும்போதுதான் கம்பெனி விலகிக்கொள்ளும். இது புரிந்துவிட்டால் பாதி ஏமாற்றம் இல்லை.

சும்மா போகும் வருடத்தில் இரண்டு முறை சுத்தம், ஒரு எக்ஸ்ரே என்று பார்த்தால் கட்டிய பிரீமியம் முழுதாகத் திரும்பாது. கிரவுன் போட்ட வருடத்தில் கணக்கு மாறியது. மருத்துவர் சாதாரணமாக 1,400 டாலர் வாங்குவதற்கு நெட்வொர்க் விலை 1,000 சொச்சம்தான். அதிலும் பாதியைக் கம்பெனி கொடுத்தது. எனக்கு உண்மையான லாபம் அந்த ஒப்பந்த விலைதான். அதனால் நீங்கள் போகும் பல் மருத்துவர் நெட்வொர்க்கில் இருக்கிறாரா என்பதைப் பிரீமியத்துக்கும் முன்னால் பாருங்கள்.

எரிச்சல்களும் உண்டு. ஈறு பிரச்சினைக்காக ஆழமாகச் சுத்தம் செய்த பிறகு, அடுத்தடுத்துச் செய்த சுத்தங்களை வேறு வகையில் சேர்த்து 80 சதவீதம்தான் கொடுத்தார்கள். எக்ஸ்ரே இணைக்கவில்லை என்று ஒரு கிளெய்மைத் திருப்பி அனுப்பினார்கள். மருத்துவமனையில் கேட்டால் அனுப்பிவிட்டோம் என்றார்கள். அன்றிலிருந்து பெரிய வேலை எதுவானாலும், கம்பெனி எவ்வளவு தரும் என்று கேட்டு முன்மதிப்பீடு அனுப்பி, பதில் எழுத்தில் வந்த பிறகே நாற்காலியில் உட்காருகிறேன்.

இம்ப்ளான்ட்டுக்கு (எலும்பில் திருகு வைத்துப் பொருத்தும் பல்) இதை நம்ப வேண்டாம். காப்பீட்டில் சேரும் முன்பே விழுந்த பல்லுக்குக் கிடையாது என்றொரு விதி பல திட்டங்களில் இருக்கிறது. மலிவான மாற்று எதுவோ அதன் அளவுக்கே தருவோம் என்பதும் உண்டு. நம் ஆட்கள் பலர் மார்கழிக் கச்சேரிக்குச் சென்னை போகும்போது இதையும் முடித்துவிடலாம் என்று கிளம்புகிறார்கள். செலவு வெகுவாகக் குறையும்தான். ஆனால் திருகு எலும்போடு சேரச் சில மாதம் ஆகும், பல் அதன் பிறகே. பெரும்பாலும் இரண்டு பயணம், இல்லையென்றால் நீண்ட தங்கல்.

விஷன் திட்டத்தை விட்டதற்குக் காரணம் எளிது. கண்ணில் நோய் என்று வந்தால் மெடிகேரில் டாக்டர் செலவுக்கான பார்ட் பி பார்க்கிறது. சர்க்கரை நோயாளிகளுக்கு வருடம் ஒரு முறை விழித்திரைப் பரிசோதனை, ஆபத்து அதிகமுள்ளவர்களுக்குக் கண் அழுத்தப் பரிசோதனை, கண்புரை அறுவை எல்லாம் அதில் உண்டு. முதலில் நாமே கட்ட வேண்டிய டிடக்டிபிள் தொகை போக 20 சதவீதம் நம் பங்கு. லென்ஸ் வைத்த பின் ஒரு சாதாரணக் கண்ணாடியும் கிடைக்கும். என் மனைவிக்குப் புரை எடுத்தபோது விலை உயர்ந்த லென்ஸ் வேண்டுமா என்று கேட்டார்கள். அந்தக் கூடுதல் தொகைக்கு மெடிகேரும் தராது, எங்கள் விஷன் திட்டமும் தரவில்லை. பவர் பார்ப்பதற்கும் மெடிகேர் தராது, கையிலிருந்து கொடுக்கிறோம். கண்ணாடியை காஸ்ட்கோ கடையில் வாங்கிக்கொள்கிறோம். வருடம் தவறாமல் ஃபிரேம் மாற்றுகிறவர்களுக்கு வேண்டுமானால் விஷன் கட்டுப்படியாகலாம்.

திட்டம் மாற்றிக்கொள்ளும் காலமான அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை டிவியைத் திறந்தாலே, மெடிகேரைத் தனியார் கம்பெனி வழியாகத் தரும் மெடிகேர் அட்வான்டேஜ் விளம்பரம்தான்: பல், கண், காது எல்லாம் ஜீரோ பிரீமியத்தில். நண்பர்கள் சிலர் அதில் நிம்மதியாகவே இருக்கிறார்கள். ஆனால் பல்லுக்காக மட்டும் அதற்கு மாறுவது எனக்குச் சரியாகப் படவில்லை. முதல் வருடம் தாண்டிய பிறகு மெடிகேப்புக்குத் திரும்ப நினைத்தால், பெரும்பாலான மாநிலங்களில் உடல்நிலையைக் கேட்டு மறுக்கக் கம்பெனிக்கு உரிமை உண்டு. அங்கும் டென்டலுக்கு வருட வரம்பு இருக்கும். விளம்பரத்தில் அதைப் பொடி எழுத்தில் போடுவார்கள்.

இப்போது கடைவாய்ப் பல் ஒன்று தகராறு செய்கிறது. அவசரமில்லை என்று மருத்துவர் சொன்னதால் ரூட் கெனாலை டிசம்பரிலும் கிரவுனை ஜனவரியிலும் வைத்திருக்கிறோம். இரண்டு வருட உச்சவரம்பும் பயன்படும். முன்மதிப்பீடு அனுப்பியாயிற்று, பதில் இன்னும் வரவில்லை.