ஏழு எண்ணிக்கையில் ஒரு பேஸ் வகுப்பு

பிங்க் ஃபிளாய்ட் என்ற ராக் இசைக்குழுவின் 'மணி' (Money, 1973) பாட்டை பேஸ் கிட்டாரில் வாசிக்க ஆசைப்பட்டு இந்த இணைய வகுப்பில் சேர்ந்தேன். ஆறு வாரம் ஆகிறது. முதல் நாள் கிட்டாரைத் தொடவே விடவில்லை சார். பாட்டு ஏழு எண்ணிக்கைத் தாளத்தில் போவதால், ஏழு ஏழாகக் கைதட்ட வைத்தார். சின்ன வயதில் மிருதங்கம் படித்ததால் 'தகதிமி தகிட' என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே பிடித்துவிட்டேன். திணறியது வேறு இடத்தில். கிட்டார் தனிவாசிப்பில் தாளம் நாலுக்கு மாறும், பிறகு மறுபடி ஏழுக்குத் திரும்பும். அந்தத் திருப்பத்துக்கு மட்டும் இரண்டு வகுப்பு ஒதுக்கினார், அவ்வளவு பொறுமை! வீடியோவில் வலது கை சரியாகத் தெரியாதது ஒரு குறை. விரலால் மீட்டுவதைக் கேட்டுக் கேட்டுத்தான் புரிந்துகொண்டேன். சேருபவர்கள் மெட்ரோனோமை (சீராகத் தட்டி வேகம் காட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்துத் தொடங்குங்கள், அவசரப்படாதீர்கள்.