கேட் ரிமோட்: 433 மெகாஹெர்ட்ஸா, 868-ஆ, 2.4 கிகாஹெர்ட்ஸா?

ஒரு நாள் மதியம் தொடங்கி இரவு வரை எங்கள் கேட் ரிமோட்டுக்கு அசையவே இல்லை. பேட்டரியை மாற்றினேன், ரிசீவரின் ஆன்டெனா கம்பியை நீட்டிவிட்டேன், பலனில்லை. பக்கத்தில் யாரோ ஜாமர், அதாவது அலைகளை அடைக்கும் கருவி, வைத்திருக்கிறார்கள் என்றே முடிவுகட்டிவிட்டேன். இரவில் பேனா தேடி இழுப்பறையைத் திறந்தபோது, எப்போதோ தூக்கி எறிந்த அலங்கார விளக்கின் ரிமோட் ஒரு தடித்த அகராதிக்கு அடியில் கிடந்தது. பொத்தான் அழுந்தியபடி, சிவப்பு விளக்கு மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. அதுவும் இயங்குவது 433.92 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், கேட்டும் 433.92. நான் தேடிய ஜாமர் என் வீட்டு இழுப்பறையிலேயே இருந்தது.

அதற்குப் பிறகுதான் புதிய ரிமோட் தொகுதி வாங்க உட்கார்ந்து யோசித்தேன்.

அகச்சிவப்பு ரிமோட்டை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். தொலைக்காட்சிக்கு அது போதும். நேருக்கு நேர் காட்ட வேண்டிய ஒன்றை மழையில் காருக்குள்ளிருந்து யார் காட்டுவது? 2.4 கிகாஹெர்ட்ஸ் உலகெங்கும் கிடைக்கும் பட்டை. பறக்கும் பொம்மைகளின் ரிமோட்டுகள் அதில் அலைவரிசை விட்டு அலைவரிசை தாவி, இடைஞ்சலிலிருந்து அழகாகத் தப்பிக்கின்றன. ஆனால் சுவர்களைத் தாண்டும்போது 433-ஐவிடச் சீக்கிரம் சோர்ந்துவிடும். கேட்டுக்கு அந்தப் பட்டையில் வருபவை பெரும்பாலும் வைஃபை வழியே போனில் இயங்குபவை. ரூட்டர் படுத்தால் கேட்டும் படுத்துவிடும் என்ற ஏற்பாடு எனக்கு ஒத்துவரவில்லை.

உண்மையான போட்டி 433-க்கும் 868-க்கும்தான். 868-இல் நெரிசல் குறைவு. ஐரோப்பிய விதிகளின்படி அந்தப் பட்டையின் பல பகுதிகளில் ஒரு சாதனம் மொத்த நேரத்தில் நூற்றில் ஒரு பங்குக்கு மேல் ஒலிபரப்பக் கூடாது. அதனால் எல்லோருக்கும் இடம் கிடைக்கிறது. ஆனால் இது எல்லா நாட்டிலும் செல்லாது: அமெரிக்காவில் உரிமமில்லாச் சாதனங்களுக்கு 902 முதல் 928 வரை, அங்கே கார் சாவிகள் பெரும்பாலும் 315. ஒரு நாட்டில் முறையாக வாங்கிய ரிமோட் இன்னொரு நாட்டில் விதிமீறலாகிவிடலாம். 868 ரிமோட்டை ஓர் உறவினர் வீட்டில் சில நாள்தான் பயன்படுத்தியிருக்கிறேன். நன்றாகவே இருந்தது, வருடக்கணக்கில் எப்படி உழைக்கும் என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது.

நான் வாங்கியது 433-தான். ஆனால் பழைய வகை இல்லை. என் முடிவுக்குக் காரணம் அதிர்வெண்ணே அல்ல. இடைஞ்சல் வரும்போது ரிசீவர் எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான். மலிவான தொகுதிகளில் இருப்பது சூப்பர்ரீஜெனரேட்டிவ் ரிசீவர். அது 433.92-ஐ மட்டும் கேட்காது. அக்கம்பக்கத்துச் சில மெகாஹெர்ட்ஸையும் சேர்த்துக் கேட்கும். 430 முதல் 440 வரை பல நாடுகளில் அமெச்சூர் வானொலிக்காரர்கள் நம்மைவிடப் பலமடங்கு திறனில் பேசுகிறார்கள். அது அவர்கள் உரிமை. சூப்பர்ஹெட்ரோடைன் ரிசீவர் கிரிஸ்டலை வைத்துக் குறுகிய பட்டையை மட்டும் கேட்பதால் அந்தத் தொல்லை வெகுவாகக் குறைகிறது. விலை சற்றே கூடுதல், கொடுக்கலாம். ஆனால் என் இழுப்பறை ரிமோட்டைப் போல அதே 433.92-இல் ஒன்று கத்தினால் இதுவும் திணறும். ஆகவே ரிமோட்டும் தானாக வாயை மூடத் தெரிந்ததாக இருக்க வேண்டும். ரோலிங் கோட் சிப்கள் சிலவற்றில் பொத்தான் சிக்கிக்கொண்டால் அரை நிமிடத்துக்குள் ஒலிபரப்பு நின்றுவிடும் வசதி இருக்கிறது.

ரோலிங் கோட் என்றால் ஒவ்வோர் அழுத்தத்துக்கும் குறியீடு மாறும். குட்டி சுவிட்சுகளை மேலும் கீழும் தள்ளி அமைக்கும் பழைய நிலையான குறியீட்டில், 12 சுவிட்ச் என்றால் மொத்தமே 4096 வாய்ப்புகள். ஒருமுறை பதிவுசெய்து திரும்ப ஒலிபரப்பினால் கேட் திறந்துவிடும். ரோலிங் கோட்டும் இரும்புக்கோட்டை அல்ல. 2015-இல் சாமி கம்கார் என்ற பாதுகாப்பு ஆய்வாளர், அலையை அடைத்துக்கொண்டே குறியீட்டைத் திருடிவைக்கும் ஒரு சிறு கருவியைச் செய்துகாட்டினார். முதல் அழுத்தம் காரணமில்லாமல் தோற்றால் எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது.

அக்கம்பக்கத்து ரிமோட்டை அடக்க நீங்களும் ஒரு ஜாமர் வாங்குங்கள் என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். வேண்டாம். உரிமமில்லாப் பட்டை என்றால் எதையும் செய்யலாம் என்று பொருளல்ல. அமெரிக்க விதிப்படி அத்தகைய சாதனம் பிறருக்குத் தொல்லை தரக் கூடாது. தனக்கு வரும் தொல்லையைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் வேண்டுமென்றே அடைப்பது குற்றம்: 1934-ஆம் ஆண்டுத் தகவல்தொடர்புச் சட்டத்தின் 333-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது, ஜாமரை விற்பதும் அங்கே சட்டவிரோதம். பிரிட்டனில் இதற்கு 2006-ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம் இருக்கிறது. விருந்தினர்களின் சொந்த வைஃபையை முடக்கிய விவகாரத்தில் மாரியட் ஹோட்டல் நிறுவனம் அமெரிக்காவில் 2014-இல் 6 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. என் இழுப்பறை விபத்தில் உள்நோக்கம் கிடையாது. ஜாமர் வாங்குபவர் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது.

புதிய ரிமோட் வந்த அன்றே அதே அகராதிக்கு அடியில் வைத்து, பொத்தான் அழுந்துகிறதா என்று பார்த்து, கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன். முப்பது எண்ணுவதற்குள் விளக்கு அணைந்தது.