கரைத் தூண்டிலா, ஸ்கி போட்டா: யாரை நம்பிக் கடை வைப்பது?

தென்னாப்பிரிக்காவில் பொழுதுபோக்குக்குப் பிடிக்கிற மீனை விற்கச் சட்டம் விடாது. அதனால் எங்கள் டர்பன் தென்கரை ஊர்களுக்கு இதில் காசு வருவதெல்லாம் அந்த மீனைப் பிடிக்கச் செய்யும் செலவில்தான். பார்க் ரைனியில் தூண்டில் சாமான் கடை போட்டபோது, இருந்த கொஞ்ச முதலை யாருக்காகப் போடுவது என்று வீட்டில் ஒரே வாக்குவாதம்.

மச்சான் ஸ்கி போட் கட்சி, அதாவது கரையிலிருந்தே அலைக்குள் இறக்கும் சின்ன மோட்டார் படகில் போகிறவர்கள் பக்கம். ராக்கி பே படகுத்துறையில் கூட்டா என்கிற வஞ்சிர மீன் பிடிக்க இறங்குகிறவர் ஒரே நாளில் வாங்கும் ரீலும் லூரும் (செயற்கை இரை), கரையில் நிற்கிறவர் மாசக்கணக்கில் வாங்குவதைத் தாண்டும். டிசம்பர், ஈஸ்டர் லீவில் ஜோபர்க்கிலிருந்து படகை இழுத்து வருகிறவர்களால் லாட்ஜுக்கும் பெட்ரோல் கராஜுக்கும் நல்ல வரும்படி. மறுக்கவில்லை.

நான் கரைப் பக்கம் சாய்ந்தேன். காரணம் இரை. படகுக்காரர் வாங்கிய லூரைக் கழுவிக் கழுவி வருஷக்கணக்கில் போடுவார். உயிர் இரையைக் கடலிலேயே பிடித்துக்கொள்வார். காற்று மாறினால் படகே இறங்காது. கரைக்காரரோ வேலை விட்டதும் வந்து நிற்பார். ஒவ்வொரு முறையும் ஒரு பொட்டலம் மத்தி, பாறையில் அறுந்துபோன ஈயக்குண்டுக்கும் முள்ளுக்கும் மாற்று. சின்னச் சின்னக் காசு, ஆனால் தினக் காசு. ஜூன், ஜூலையில் மத்திக் கூட்டம் கரையோரம் வரும்போது வாங்கி உறையவைப்பேன். முதலில் ஏறும் கூடைகள் யானை விலை. பொறுத்து வாங்கினால்தான் லாபம்.

இதிலும் அடி உண்டு. 2023 மின்வெட்டில் ஃப்ரீஸர் உருகி, பாதி இரை குப்பைக்குப் போனது. ஜெனரேட்டர் வாங்கியதில் அந்த வருஷ மிச்சமெல்லாம் காலி.

பிறகு ஷேட், கரைக்காரர் அதிகம் தேடி வரும் மீன். ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 தான், 30 செ.மீ.க்குக் குறையக் கூடாது, அக்டோபரும் நவம்பரும் தொடவே கூடாது. நம் ஆட்கள் புரட்டாசி விரதம் முடித்து மீன் குழம்புக்கு ஏங்கும் நேரம் பார்த்து இந்தத் தடை! அந்த இரண்டு மாதம் கடையில் ஈ ஓட்டுவேன். அப்போது கைகொடுப்பது படகுக்காரர்தான் என்பதை மச்சானிடம் ஒப்புக்கொண்டேன்.

வடக்கே சொத்வானா மாதிரி, ஆழ்கடல் மீனுக்கென்றே ஆள் வரும் ஊரில் கணக்கு தலைகீழாக இருக்கலாம். நான் அங்கே கடை வைத்துப் பார்த்ததில்லை. இங்கே மச்சானுக்காக ஓர் அலமாரி லூர் வாங்கி மாட்டினேன். பாதி இன்னும் அட்டை பிரியாமல் தொங்குகிறது.