மேக், லினக்ஸ் வைத்திருப்பவர் ஸ்பீக்கர் வடிவமைக்க எதை நம்பலாம்?

வின்ஐஎஸ்டி, ஹார்ன்ரெஸ்ப், எக்ஸ்சிம், விட்யூக்ஸ்கேட் என ஸ்பீக்கர் கட்டுபவர்கள் வாயில் அடிபடும் மென்பொருள்கள் எல்லாமே விண்டோஸுக்காக எழுதப்பட்டவை. அவை செய்வதையெல்லாம் மேக்கிலோ லினக்ஸிலோ செய்துதரும் ஒரே மென்பொருளைத் தேடினால் நேரம்தான் வீண். வேலையை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். ஸ்பீக்கரை மைக் வைத்து அளவெடுப்பது சொந்த இயங்குதளத்திலேயே நடக்கட்டும். கணக்குப் போடும் மென்பொருளை வைனிலோ (விண்டோஸ் மென்பொருளை மற்ற இயங்குதளத்தில் ஓட்டும் கருவி) விர்ச்சுவல் மெஷினிலோ (கணினிக்குள் ஓடும் இன்னொரு கணினி) ஓட்டலாம். அதற்கு மைக்கும் வேண்டாம், ஆடியோ இன்டர்ஃபேஸும் வேண்டாம், டெக்ஸ்ட் கோப்புகள் போதும். இதைத் தலைகீழாகச் செய்து, அளவெடுக்கும் மென்பொருளை விர்ச்சுவல் மெஷினுக்குள் வைத்தால் யுஎஸ்பி இணைப்பும் தாமதமும் சேர்ந்து ஃபேஸ் (ஒலி அலையின் நேர நிலை) அளவுகளைக் கெடுக்கும்.

அளவெடுக்க ஆர்இடபிள்யூ (ரூம் ஈக்யூ விஸார்ட்). இதில் மறுபேச்சே இல்லை. ஜாவாவில் எழுதப்பட்டதால் மூன்று இயங்குதளத்திலும் ஓடும், இலவசம். டிரைவரின் (வூஃபர், ட்வீட்டர் போல ஒலி எழுப்பும் பாகம்) டி/எஸ் அளவுகளையும் (பெட்டிக் கணக்குக்குத் தேவையான தீல்-ஸ்மால் எண்கள்) இதுவே எடுத்துத்தரும்: இரண்டு லைன் இன்புட் உள்ள இன்டர்ஃபேஸ், ஹெட்ஃபோன் அவுட்புட்டோடு தொடராக ஒரு 100 ஓம் ரெசிஸ்டர், அதற்கு முன்னும் பின்னும் ஒவ்வோர் இன்புட். முனைகளைத் திறந்து வைத்து, ஷார்ட் செய்து, மதிப்பு தெரிந்த ஒரு ரெசிஸ்டரை மாட்டி என மூன்று படியில் காலிபரேட் செய்ய வேண்டும். வாஸ் (கோனின் நெகிழ்வுக்கு இணையான காற்றின் கன அளவு) கண்டுபிடிக்கக் கோனில் எடை தெரிந்த களிமண்ணை ஒட்டி மறுபடி அளக்க வேண்டும். ரெசனன்ஸ் (கோன் இயல்பாக அதிரும் அதிர்வெண்) 20 சதவீதமாவது இறங்காவிட்டால் கிடைக்கும் எண்ணை நம்பாதீர்கள்.

மேக்கில் ஸ்வீப் (தாழ்விலிருந்து உச்சம்வரை ஏறும் சோதனை ஒலி) ஒலித்தும் இன்புட் மீட்டர் அசையவில்லை என்றால் கேபிளைக் குறை சொல்லுமுன் பிரைவசி அமைப்பில் ஆர்இடபிள்யூவுக்கு மைக்ரோஃபோன் அனுமதி இருக்கிறதா பாருங்கள். ஆடியோ மிடி செட்டப்பிலும் ஆர்இடபிள்யூவிலும் சாம்பிள் ரேட் ஒன்றாக, 48,000 என்றே இருக்கட்டும். லினக்ஸில் பைப்வயர் அல்லது பல்ஸ்ஆடியோ என்ற ஒலிச் சேவை சாதனத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். பிரௌசரை மூடிவிட்டு, பட்டியலில் இன்டர்ஃபேஸின் பெயரையே தேர்ந்தெடுங்கள். யுஎஸ்பி மைக் அறையின் ஒலியைத் திருத்தப் போதும். கிராஸ்ஓவர் (தாழ்ந்த ஒலியை வூஃபருக்கும் உயர்ந்ததை ட்வீட்டருக்கும் பிரித்தனுப்பும் சுற்று) வேலைக்கு எக்ஸ்எல்ஆர் மைக்கும், இன்னொரு சேனலில் அவுட்புட்டை இன்புட்டுக்கே திருப்பும் ஒரு லூப்பேக் கேபிளும் இருந்தால்தான் வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் இடையிலான நேர வித்தியாசம் சரியாகப் பதியும்.

பெட்டிக் கணக்குக்கு கியூஸ்பீக்கர்ஸ். திறந்த மூலம், லினக்ஸிலும் மேக்கிலும் நேரடியாக ஓடும். சீல்டு (மூடியது), போர்ட்டட் (காற்றுக்குழாய் வைத்தது), பேண்ட்பாஸ் (டிரைவர் உள்ளே இருப்பது) என மூன்று பெட்டி வகைகளையும் வரைந்து காட்டும். எந்த மென்பொருளையும் நம்புமுன் ஒரு சோதனைக் கணக்கு போட்டுப் பாருங்கள். எஃப்எஸ் (டிரைவரின் ரெசனன்ஸ்) 40 ஹெர்ட்ஸ், கியூடிஎஸ் (அந்த அதிர்வு எவ்வளவு தணிகிறது என்ற எண்) 0.4, வாஸ் 30 லிட்டர் கொடுத்து, சீல்டு பெட்டியில் கியூடிசி (பெட்டியில் போட்டபின் அதே எண்) 0.707 கேட்டால் 14.1 லிட்டரும் 70.7 ஹெர்ட்ஸும் வர வேண்டும். போர்ட் நீளத்தில் மட்டும் மென்பொருளுக்கு மென்பொருள் வேறுபடும். 30 லிட்டர் பெட்டி, 40 ஹெர்ட்ஸ், 7 செ.மீ. விட்டக் குழாய் என்றால் முனைத் திருத்தத்துக்கு (குழாய் முனைக்கு வெளியே சேர்ந்து அசையும் காற்றுக்கான கழிவு) எந்தக் குணகத்தை எடுக்கிறது என்பதைப் பொறுத்து 18.1 முதல் 19.8 செ.மீ. வரை வரும். இதில் எதுவும் பிழையில்லை. குழாயை நீளமாகவே வெட்டி, இம்பீடன்ஸ் (மின் எதிர்ப்பு) வளைவின் இரு மேடுகளுக்கு நடுவிலுள்ள பள்ளம் 40 ஹெர்ட்ஸில் விழும்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள்.

கோன் எவ்வளவு தூரம் ஆடும், போர்ட்டில் காற்று என்ன வேகத்தில் போகும் என்று பார்க்க வின்ஐஎஸ்டி வேண்டும். வைனில் ஓடுகிறது. அது கசிவு இழப்பாக கியூஎல் 10 என்று தானாகவே வைத்துக்கொள்வதால், இழப்பே இல்லாமல் போட்ட கணக்கைவிட வளைவு சற்றுக் கீழே நிற்கும்; பதற வேண்டாம். ஹார்ன் கட்டுபவர்களுக்கு ஹார்ன்ரெஸ்ப் இருக்கிறது, அதுவும் வைனில் ஓடும்.

கிராஸ்ஓவருக்கு விட்யூக்ஸ்கேட்தான் முதல் தேர்வு, வைனில் அதிகம் படுத்துவதும் அதுதான். அது மைக்ரோசாஃப்டின் டாட்நெட் தளத்தில் எழுதப்பட்ட மென்பொருள். வைனோடு வரும் மோனோ என்ற மாற்று டாட்நெட்டில் திக்கினால் தனி பிரிஃபிக்ஸ் (வைனின் தனி விண்டோஸ் கோப்புறை) உருவாக்கி, வைன்ட்ரிக்ஸ் என்ற துணைக் கருவி வழியாக உண்மையான டாட்நெட்டைப் போட்டுப் பாருங்கள். அப்படியும் எழுத்து வெட்டுப்பட்டால் மல்லுக்கட்டாமல் விர்ச்சுவல் மெஷினுக்குப் போவதே மேல். எம் வரிசை மேக்கில் பேரலல்ஸிலோ யுடிஎம்மிலோ ஆர்ம் விண்டோஸ் 11 போட்டால், பழைய எக்ஸ்86 (இன்டெல் வகைச் சில்லுக்கான) நிரல்களை அந்த விண்டோஸே மொழிமாற்றி ஓட்டிவிடும். மேக்கின் 2019 கேட்டலினாவிலேயே 32 பிட் ஆதரவு போய்விட்டது என்பதால் பழைய வைன் குறிப்புகளை அப்படியே பின்பற்றிப் பயனில்லை. இரண்டு டிரைவர், நேர்முன் அளவு மட்டும் என்றால் எக்ஸ்சிம் போதும். இலகுவானது, வைனிலும் தொந்தரவு தராது.

விட்யூக்ஸ்கேட்டுக்காக இவ்வளவு மெனக்கெடலாமா? பக்கவாட்டு அளவுகள் எடுக்கத் தயாராக இருந்தால் மட்டும். 0 முதல் 180 டிகிரி வரை பத்துப் பத்தாக, டிரைவருக்கு 19 அளவுகள். அறையில் 4 மில்லி விநாடி கேட் (சுவர் எதிரொலி வருமுன் அளவை வெட்டுவது) வைத்தால் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை நம்ப முடியாது. அந்தப் பகுதியை மைக்கை அருகில் வைத்து அளந்து விட்யூக்ஸ்கேட்டின் மெர்ஜர் கருவியில் ஒட்ட வேண்டும். ஆர்இடபிள்யூவிலிருந்து டெக்ஸ்டாக எடுக்கும்போது அதிர்வெண், அளவு, ஃபேஸ் மூன்றும் இருக்க வேண்டும், தசமத்துக்குப் புள்ளிதான் இருக்க வேண்டும். காற்புள்ளி வந்துவிட்டால் சில மென்பொருள்கள் எண்களைத் தப்பாகப் படித்துவிடும், வளைவு மட்டும் ஒழுங்காக இருப்பதுபோலத் தெரியும்.