ஐபி கேமராவும் இரவு பிட்ரேட்டும்: சில ஆண்டு அனுபவம்

சில ஆண்டுகளாக வெவ்வேறு நிறுவனங்களின், நெட்வொர்க் வழியே வீடியோ அனுப்பும் ஐபி கேமராக்களை இரவுபகலாக ஓடவிட்டுப் பார்த்த பிறகு, பெட்டியில் போட்டிருக்கும் மெகாபிக்சலை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. விளக்கை அணைத்ததும் பிட்ரேட் (நொடிக்கு அனுப்பும் தரவின் அளவு) எவ்வளவு ஏறுகிறது என்பதைத்தான் பார்க்கிறேன்.

கேமரா செய்யும் வேலையின் அளவு சாதாரணமானதல்ல. 1920×1080 அளவில் நொடிக்கு 25 ஃபிரேம் என்றால், நிறத் தகவலைக் குறைத்துக்கொண்ட 4:2:0 வடிவத்திலேயே நொடிக்கு 78 மெகாபைட் வருகிறது. வயரில் போவதோ நொடிக்கு 4 மெகாபிட், அதாவது அரை மெகாபைட். ஏறத்தாழ 150-இல் ஒரு பங்கு. அந்த 4 மெகாபிட்டும் ஒரு நாளைக்கு 43 ஜிபி ஆகிவிடும் என்பது வேறு கதை.

சில வாட் மின்சாரத்தில், ஃபேன் இல்லாமல் இது நடக்கக் காரணம், சுருக்கும் வேலை சிபியூவிடம் இல்லை என்பதுதான். சிப்புக்குள் அதற்கென்றே தனி ஹார்டுவேர் என்கோடர் இருக்கிறது. செட்டிங்ஸ் பக்கம் திறக்கத் திணறும்போதும் வீடியோ தடையில்லாமல் ஓடுவது அதனால்தான். ஆனால் இந்த என்கோடர் சிக்கனக்காரர். அசைவைச் சிறு எல்லைக்குள்தான் தேடும். பெரும்பாலும் ஒரே ஒரு முந்தைய ஃபிரேமோடுதான் ஒப்பிடும். பின்னால் வரும் ஃபிரேமுக்காகக் காத்திருக்க வேண்டிய பி-ஃபிரேம்களைத் தாமதத்துக்கும் மெமரிக்கும் பயந்து பல கேமராக்கள் தொடுவதே இல்லை. அதனால் அதே எச்.264 சுருக்க முறை, அதே பிட்ரேட் என்றாலும், கம்ப்யூட்டரில் நிதானமாகச் சுருக்கிய படத்தின் தெளிவை இதில் எதிர்பார்க்க முடியாது.

இரவில்தான் எல்லாம் மாறுகிறது. வெளிச்சம் குறைந்ததும் சென்சாரின் கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) ஏறும், படமெங்கும் நாய்ஸ் (தாறுமாறான புள்ளிகள்) பொரியும். ஒவ்வொரு ஃபிரேமிலும் அது வேறு இடத்தில் பொரிவதால், முந்தைய ஃபிரேமிலிருந்து மாறியதை மட்டும் அனுப்பும் உத்தி எடுபடாமல் போகிறது. விபிஆரில் (காட்சிக்கேற்ப மாறும் பிட்ரேட்) வைத்தால் பிட்ரேட் எகிறும். சிபிஆரில் (மாறாத பிட்ரேட்) வைத்தால் முகம் கட்டம் கட்டமாக உடையும். எச்.264-க்கு அடுத்ததாக 2013-இல் வந்த எச்.265 பாதி பிட்ரேட்டில் அதே தரம் என்று சொல்லப்பட்டது. பகலில் அதற்கு ஓரளவு நெருங்கி வருகிறது. இரவில் அந்த ஆதாயத்தில் பெரும்பகுதியை நாய்ஸ் தின்றுவிடுகிறது. என்கோடருக்கு முன்பே நாய்ஸை வடிகட்டும் வசதியைக் கூட்டினால் பிட்ரேட் சட்டென்று இறங்கும். அளவுக்கு மீறினால் நடந்துபோகிறவருக்குப் பின்னால் ஆவி மாதிரி ஒரு நிழல் இழுபடும். நடுவில் நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் கூடுதலாக ஒரு விளக்கு போட்டதுதான் எனக்குப் பலன் தந்தது. கோடெக்கை (சுருக்கும் முறையை) மாற்றியதால் கிடைத்ததைவிட இதில் மிச்சம் அதிகம். ஐஆர் (அகச்சிவப்பு) விளக்குக்கு முன்னால் சிலந்தி வலை கட்டினாலும் பிட்ரேட் ஏறும். துடைப்பத்துக்கு ஃபர்ம்வேர் அப்டேட் தேவையில்லை!

வேறு ஃபிரேமைச் சாராமல் முழுப் படமாக வரும் ஐ-ஃபிரேமின் இடைவெளியை 2 நொடியில் வைத்திருக்கிறேன். நீட்டினால் இடம் மிச்சமாகும், ஆனால் ஒரு பாக்கெட் தொலைந்தால் அடுத்த ஐ-ஃபிரேம் வரும்வரை படம் குழம்பியே கிடக்கும். காட்சிக்கேற்ப இந்த இடைவெளியைத் தானாகவே நீட்டிக்கொள்ளும் 'ஸ்மார்ட்' கோடெக்குகள், ஆளரவமில்லாத நடைபாதையில் உண்மையிலேயே நிறைய மிச்சம் பிடிக்கின்றன. மரம் அசையும் இடத்தில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. பதிவில் குறிப்பிட்ட நொடிக்குத் தாவும்போது ரெக்கார்டர் தயங்கி நிற்பதும் உண்டு. வாசல் கேமராவில் அதை அணைத்தே வைத்திருக்கிறேன்.