பூட்டில்லாத குடில்கள்: லாப்லாந்தில் எட்டு வருட அனுபவம்

பின்லாந்தின் வடகோடியில், லாப்லாந்துக் காட்டுக்குள், பூட்டே இல்லாத மரக்குடில்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் போய்த் தங்கலாம். காசு கிடையாது, முன்பதிவு கிடையாது, வாசலில் கேள்வி கேட்க ஆள் கிடையாது. பின்னிஷில் இதை அவுத்தியோதுப்பா என்பார்கள், ஆளில்லாத வீடு என்று பொருள். நான் பின்லாந்தின் ஔலு நகரில் வேலை பார்க்கிறேன், எட்டு வருடமாக வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை இந்தக் குடில்களுக்குப் போய்வருகிறேன், கணக்குப் பார்த்தால் 60 இரவுக்கு மேல் ஆகிவிட்டது. போக நினைப்பவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மூன்று வகைக் குடில்கள் உண்டு. அவுத்தியோதுப்பா எல்லோருக்கும் திறந்தது. வராவுஸ்துப்பா என்பது பூட்டியிருக்கும், முன்பதிவு செய்து பணம் கட்டினால்தான் உள்ளே போகலாம், அதில் மெத்தை, பாத்திரமெல்லாம் பெரும்பாலும் இருக்கும். பைவத்துப்பா பகலில் ஒதுங்கிச் சாப்பிட்டுப் போக மட்டும், இரவு தங்கக் கூடாது. சில இடங்களில் ஒரே கூரையின் கீழ் பாதி இலவசம், பாதி முன்பதிவு என்று நடுவில் சுவர் வைத்துப் பிரித்திருப்பார்கள், இருட்டில் போய்ச் சேர்ந்து தப்பான கதவை இழுத்துக்கொண்டு நிற்க வேண்டாம். பெரும்பாலான குடில்களைப் பராமரிப்பது மெத்ஸாஹல்லிதுஸ் என்ற அரசு வன நிறுவனம். விறகையும் அவர்கள்தான் கொண்டுவந்து அடுக்குகிறார்கள், பெரும்பாலும் குளிர்காலத்தில் பனிவண்டியில்.

நான் அதிகம் போனது உர்ஹோ கெக்கோனன் தேசியப் பூங்காவுக்கு. 1956 முதல் 1982 வரை குடியரசுத் தலைவராக இருந்தவரின் பெயர். அவரே பனிச்சறுக்கில் இந்த மலைகளைச் சுற்றியவர். பூங்கா 1983இல் அமைந்தது, பரப்பு சுமார் 2,550 சதுர கிலோமீட்டர், மேற்கு ஓரத்தில் ஓடும் நெடுஞ்சாலையில் பேருந்து வருகிறது என்பதால் கார் இல்லாதவர்களுக்கும் வசதி. கீலொபாவில் இறங்கி சுவோமுன்ருவோக்து, துயிஸ்குகுரு என்ற குடில்கள், அங்கிருந்து லுயிரோயார்வி ஏரி என்று போவது என் வழக்கமான பாதை. போக மட்டும் 30 கிலோமீட்டருக்கு மேல் வரும். கோடையில் நல்ல கால்கள் இரண்டு நாளில் முடித்துவிடும், குளிர்காலத்தில் நான் மூன்று நாள் வைத்துக்கொள்வேன். சாரிசெல்கா, கீலொபா பக்கத்தில் மட்டும்தான் இயந்திரம் ஓட்டிச் சமன்படுத்திய சறுக்குப் பாதை இருக்கும், உள்ளே போகப் போக நம் தடத்தை நாமே போட வேண்டியதுதான்.

முதல் தடவை குளிர்காலத்தில் போனபோது துயிஸ்குகுருவுக்கு நான் போய்ச் சேர்ந்தது சாயங்காலம் ஆறு மணிக்கு மேல், வெளியே மைனஸ் 27. கதவைத் திறந்தால் உள்ளேயும் கிட்டத்தட்ட அதே குளிர். இதை யாரும் எனக்கு முன்னாடி சொல்லவில்லை, குடில் என்றால் கதகதப்பு என்றே மனத்தில் இருந்தது. சுவரில் ஆணித் தலைகளெல்லாம் வெள்ளையாக உறைபனி பூத்துக் கிடந்தன. விரல் மரத்துப்போய் உறையைக் கழற்றவும் பயம், கழற்றாமல் தீக்குச்சி உரசவும் முடியாது. அப்போதுதான் அடுப்பின் மேல் பார்த்தேன், ஒரு கட்டுச் சுள்ளி. விரல் தடிமனுக்குப் பிளந்த பிர்ச் மரக் குச்சிகள், நுனியைக் கத்தியால் சீவிச் சீவிச் சுருள் சுருளாக விட்டது நாலைந்து, பக்கத்தில் உரித்த பிர்ச் பட்டை கொஞ்சம். யாரோ கிளம்புவதற்கு முன் உட்கார்ந்து செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒரே தீக்குச்சி. பட்டை எண்ணெய் பிடித்த திரி மாதிரி கறுப்புப் புகையோடு பற்றிக்கொண்டது, அடுத்த நிமிடம் சுருள்கள் பிடித்துக்கொண்டன.

குடில் சூடாக இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். முதலில் கூரைப் பக்கம்தான் சூடாகும், தரையில் வைத்த தண்ணீர் பாட்டில் உறைந்தே இருக்கும், மேல் பலகையில் படுத்தவருக்கு வேர்க்கும். அதனால் குளிர்காலத்தில் போகிறவர்கள் குடிலை நம்பி மெல்லிய தூங்கும் பையோடு போகவே கூடாது. விறகு நனைந்திருக்கலாம், குடில் நிரம்பியிருக்கலாம், வழி தவறி அங்கே போய்ச் சேராமலே போகலாம். கூடாரமும், அந்தக் குளிரை வெளியிலேயே தாங்கும் பையும் கையில் இருந்தால்தான் இந்தப் பயணமே. செலவு முழுக்க இதில்தான், தங்குவதில் இல்லை.

படுக்கை என்பது திண்ணை மாதிரி அகலமான பலகை மேடை, தோளோடு தோள் ஒட்டிப் படுக்க வேண்டும். மெத்தை இல்லை, மின்சாரம் இல்லை, பள்ளத்தாக்குக் குடில்களில் போனில் சிக்னலும் பெரும்பாலும் இல்லை. மேசை, பெஞ்சு, அடுப்பு, துணி காயவைக்கக் கம்பி, துடைப்பம், சில இடங்களில் கேஸ் அடுப்பு. வெளியே விறகுக் கொட்டகையில் ரம்பம், கோடாரி. கொஞ்சம் தள்ளிக் கழிப்பறை, உள்ளே வாளியில் மரத்தூளோ பீட் மண்ணோ இருக்கும், போட்டு மூடிவிட வேண்டும். தண்ணீர் ஏரியிலிருந்தோ ஓடையிலிருந்தோ. குளிர்காலத்தில் பனியை உருக்கும்போது சட்டியின் அடியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுவிட்டு அப்புறம் பனியைப் போடுங்கள், வெறும் பனியைப் போட்டால் அடி தீய்ந்து, டீ முழுக்கக் கருகல் வாசனை அடிக்கும்.

சரி, இந்தக் குடில்களின் உயிர்நாடியான விதிக்கு வருகிறேன். கடைசியாக வருகிறவருக்கே முதல் உரிமை. முன்னால் வந்து இளைப்பாறியவர், துணி காயவைத்தவர், இடம் போதவில்லை என்றால் எழுந்து வெளியே போக வேண்டும். யாரும் ஒரு குடிலில் ஓரிரண்டு இரவுக்கு மேல் தங்குவதும் முறையில்லை. நம் வழக்கமான புத்திக்கு இது நேர் எதிர், எங்கேயும் முதலில் வந்தவருக்குத்தானே இடம். ஆனால் இரவு பதினோரு மணிக்குப் புயலில் கதவைத் தட்டுகிறவருக்குத்தான் அந்த நேரத்தில் அடுப்பு தேவை, காலையிலிருந்து உள்ளே இருப்பவருக்கு இல்லை. யோசித்துப் பார்த்தால் வேறெப்படியும் இருக்க முடியாது.

அந்த விதியை நான் முழுசாகப் புரிந்துகொண்டது ஒரு மார்ச் மாதம், லுயிரோயார்வியில். ஆறு பேர் படுக்கிற இடத்தில் ஏற்கெனவே ஒன்பது பேர். நானும் நண்பரும் அங்கே இரண்டாவது இரவு. பத்தரை மணிக்குக் கதவு திறந்து இரண்டு பேர் உள்ளே வந்தார்கள், அந்தப் பெண்ணின் புருவம், கழுத்துத் துணி எல்லாம் ஐஸ் கட்டி, பேச்சு குழறுகிறது. யாரும் விதியைச் சொல்லவில்லை, என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. அடுப்பருகே இருந்த பெரியவர் எழுந்து அந்தப் பெண்ணின் காலணியைக் கழற்ற ஆரம்பித்தார், இன்னொருவர் சூடாக ஜூஸ் ஊற்றினார். நாங்கள் இருவரும் பையைச் சுருட்டினோம். வெளியே மைனஸ் 18, கூடாரம் போட அரை மணி நேரம் ஆனது, விடிய விடிய காற்று. காலையில் அந்தப் பெரியவர் எங்கள் கூடாரத்துக்கே வந்து காபி கொடுத்தார். அந்தக் காபியை நான் இன்னும் மறக்கவில்லை.

அடுப்பைத் தூய்மை செய்வது, சாம்பலை அள்ளுவது, எரித்த அளவுக்கு விறகை உள்ளே கொண்டுவந்து வைப்பது, அதோடு ஒரு கட்டுச் சுள்ளி, இவற்றைக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். ஈரமான கட்டையை நடுவாகப் பிளந்தால் உள்ளே காய்ந்திருக்கும், அந்த உள்பாகத்தில்தான் சுள்ளி எடுக்க வேண்டும் என்று பிளந்து காட்டினார். இப்போது எந்தக் குடிலிலிருந்து கிளம்பினாலும் கடைசி இருபது நிமிடம் எனக்கு அதற்குத்தான். நேரமாகிவிட்டது என்று தவிர்த்ததே இல்லை.

ஒரு எச்சரிக்கை, இதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். பழைய குடில்கள் சிலவற்றில் புகைபோக்கியை அடைக்க பெல்தி என்கிற இழுப்புத் தகடு இருக்கும். எல்லாம் எரிந்து முடிந்தபின் அதை மூடினால் சூடு வெளியே போகாது. மூன்றாவது வருடம், தூங்கும் அவசரத்தில், கங்கு இன்னும் சிவப்பாக இருக்கும்போதே நான் மூடிவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்து நெற்றிப்பொட்டில் சம்மட்டி அடிப்பது போல் தலைவலி, குமட்டல். கங்கிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனை கிடையாது. எப்படியோ கதவை உதைத்துத் திறந்து பனியில் உட்கார்ந்தேன். கூட வந்தவரை எழுப்பி இழுக்க வேண்டியிருந்தது. கங்கு முழுக்கக் கறுத்து, கிளறினாலும் ஒரு பொட்டுச் சிவப்பு தெரியாத வரை தகட்டில் கை வைக்காதீர்கள். கொஞ்சம் குளிரில் தூங்கினால் ஒன்றும் ஆகாது.

எந்த மாதம் போகலாம்? மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை என்பது என் முடிவு. பகல் நீண்டிருக்கும், பனி இறுகியிருக்கும், கொசு கிடையாது. செப்டம்பரில் ருஸ்கா, அதாவது இலைகள் நிறம் மாறும் காலம், தரையோடு படர்ந்த செடிகள்கூடச் செக்கச்செவேல் என்று ஆகிவிடும், ஆனால் கூட்டமும் அப்போதுதான். ஜூலையில் கொசுவைத் தாங்குகிறவர்கள் போகலாம், நான் ஒரு தடவையோடு நிறுத்திவிட்டேன். டிசம்பர் தொடக்கத்திலிருந்து ஜனவரி பத்துத் தேதி வாக்கில் வரை இந்தப் பகுதியில் சூரியன் எழுவதே இல்லை. நடுப்பகலில் சில மணி நேரம் நீல வெளிச்சம் மட்டும். அழகுதான், ஆனால் முதல் பயணத்துக்கு வேண்டாம்.

முதல் தடவை போகிறவர்களுக்கு ஹெத்தாவிலிருந்து பல்லாஸ் வரையிலான பாதையைத்தான் சொல்வேன். சுமார் 55 கிலோமீட்டர், பல்லாஸ்-உல்லாஸ்துன்துரி தேசியப் பூங்காவுக்குள் போகிறது, வழி நெடுக அடையாளக் கம்பங்கள், குடில்களும் நெருக்கமாக இருக்கின்றன. நடுவில் ஹன்னுகுருவில் சவுனா என்ற வெந்நீராவிக் குளியலறை உண்டு, விறகு போட்டு நாமே சூடாக்கிக்கொள்ளலாம். லுயிரோயார்வியிலும் ஏரிக்கரையில் ஒன்று இருக்கிறது. மூன்று நாள் மூட்டை சுமந்த தோளுக்கு அதைவிட மருந்து இல்லை.

குறைகளும் உண்டு. குப்பையை விட்டுப் போகிறவர்கள் வருடத்துக்கு வருடம் அதிகமாகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. எரியாத அலுமினியப் பொட்டலங்களை அடுப்பில் போட்டுவிடுகிறார்கள், அடுத்து வருகிறவர் சாம்பலிலிருந்து பொறுக்க வேண்டும். அங்கே குப்பைத்தொட்டி கிடையாது, கொண்டுபோனதைத் திரும்பக் கொண்டுவருவது மட்டுமே வழி. ஒரு தடவை வழிகாட்டியோடு வந்த கட்டணச் சுற்றுலாக் கூட்டம் ஒன்று மேடை முழுக்கப் பைகளை விரித்து இடம்பிடித்து வைத்திருந்தது. இலவசக் குடிலை வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அந்த வழிகாட்டிக்குத் தெரியாமல் இருக்காது. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. நாயோடு போகிறவர்கள் உள்ளே இருக்கும் எல்லோரும் சம்மதித்தால்தான் அதை உள்ளே கொண்டுவர வேண்டும், இதையும் பலர் கேட்பதில்லை.

சாப்பாட்டுக்கு நான் வறுத்த ரவையும், தாளித்துக் கலந்து வைத்த பொடியும் கொண்டுபோகிறேன், கொதி தண்ணீர் ஊற்றினால் ஐந்து நிமிடத்தில் உப்புமா. சாப்பாட்டுப் பையைக் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள், எலிகள் உண்டு.

ஒவ்வொரு குடிலிலும் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். போனவுடன் தேதி, எத்தனை பேர், எங்கிருந்து வந்தீர்கள், அடுத்து எங்கே போகிறீர்கள் என்று எழுதிவிடுங்கள். யாராவது காணாமல் போனால் தேடுகிறவர்கள் அதிலிருந்துதான் தடம் பிடிக்கிறார்கள். ஊரில் ஒருவரிடமும் திரும்பும் நாளைச் சொல்லிவைத்துவிட்டுக் கிளம்புங்கள். அவசர எண் 112, சிக்னல் வேண்டுமென்றால் மேட்டில் ஏறிப் பார்க்க வேண்டும்.

போன ஏப்ரலில் சுவோமுன்ருவோக்துவில் அந்த நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு முந்தின நாள் எழுதியிருந்தவர் வானிலை, வழி எல்லாம் எழுதி, கீழே ஒரே வரி சேர்த்திருந்தார்: 'சுள்ளி அடுப்புக்குப் பின்னால் இருக்கிறது, மேலே வைத்தால் ஈரமாகிறது, கூரை ஒழுகுகிறது.' எட்டிப் பார்த்தேன், துணியில் சுற்றி வைத்திருந்தார்.