மாநிலச் சாலை 1-ஆ, நெடுஞ்சாலை 101-ஆ: காரை இழுத்துச் செல்லும் பெரிய மோட்டார்ஹோமுக்கு ஏற்ற பசிபிக் கரையோரப் பாதை

அமெரிக்காவின் பசிபிக் கரையோரமாக, உள்ளேயே தங்கி வாழக்கூடிய வீட்டு வண்டியான மோட்டார்ஹோமில் போகத் திட்டமிடுபவர்கள் வரைபடத்தை விரித்ததும் முதலில் தயங்கி நிற்பது ஒரே இடத்தில்தான். கலிபோர்னியாவில் கடலை ஒட்டி ஓடும் மாநிலச் சாலை 1-இல் போவதா, அல்லது மலைக்கு அப்பால் உள்நாட்டுப் பள்ளத்தாக்குகள் வழியே செல்லும் 101-இல் போவதா என்பதே அந்தத் தயக்கம். வேன் அளவிலான சிறிய வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய கேள்வியே அன்று; அவர்கள் தாராளமாக 1-இல் போகலாம். நாற்பது அடி நீளமுள்ள வண்டியும் அதன் பின்னே கட்டி இழுக்கப்படும் காரும் சேர்ந்துவிட்டால் கணக்கு முழுவதும் மாறிவிடுகிறது. இந்த இரண்டு சாலைகளையும் ஒப்பிடும் பெரும்பாலோர் எது அழகு, எது வேகம் என்று மட்டும் பார்க்கிறார்கள். பின்னால் ஒரு கார் இருக்கிறது என்பதையும், எந்த வண்டியை எந்தச் சாலையில் ஓட்டுவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமையை அந்தக் கார் நமக்குத் தருகிறது என்பதையும் மறந்துவிடுகிறார்கள்.

முதலில் அளவுகளைப் பார்த்துவிடலாம். பெரிய வகை மோட்டார்ஹோமின் உடல் அகலம் 102 அங்குலம், அதாவது எட்டரை அடி. இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடிகளையும் சேர்த்தால் பத்தடியை நெருங்கும். 40 அடி வண்டி, 15 அடி கார், இடையில் இழுவைக் கம்பி என்று கூட்டினால் மொத்த நீளம் ஏறத்தாழ 60 அடி ஆகிறது. இப்படி இணைத்த வண்டிகளுக்குக் கலிபோர்னியா விதித்துள்ள உச்ச நீளம் 65 அடி. 40 அடிக்கு மேல் 45 அடி வரையுள்ள மோட்டார்ஹோம்கள் அவற்றுக்கு அனுமதியுள்ள சாலைகளில் மட்டுமே போகலாம். அவற்றை ஓட்டச் சாதாரண கார் உரிமமும் போதாது. இன்னொரு வண்டியை இழுத்துச் செல்வோருக்கு அந்த மாநிலத்தில் உச்ச வேகம் மணிக்கு 55 மைல் என்பதால், 101-இல் போனால் பறந்துவிடலாம் என்ற எண்ணத்தையும் இப்போதே கைவிட்டுவிடுவது நல்லது.

மாநிலச் சாலை 1 தெற்கே டானா பாயின்ட்டில் தொடங்கி வடக்கே லெகெட்டில் 101-உடன் சேரும் வரை சுமார் 656 மைல் நீளமுடையது. அதை முழுவதும் ஒரே தன்மையுள்ள சாலையாகக் கருதித் தீர்ப்புச் சொல்வது பொருந்தாது. மோரோ பேயிலிருந்து கேம்பிரியா, சான் சிமியோன் வழியாக, யானைச் சீல்கள் மணலில் கிடந்து உறங்கும் பியெட்ராஸ் பிளாங்காஸ் வரையுள்ள பகுதி அகலமானது, வளைவுகள் மென்மையானவை. அங்கே பெரிய வண்டியைக் காரோடு சேர்த்தே கொண்டு போகலாம். சிக்கல் ராகெட் பாயின்ட்டைத் தாண்டிய பிறகு தொடங்குகிறது. அங்கிருந்து கார்மெல் வரை, பிக் சர் என்று அழைக்கப்படும் பகுதியில், சாந்தா லூசியா மலை நேராகக் கடலுக்குள் இறங்க, அதன் இடுப்பில் வெட்டப்பட்ட இருவழிச் சாலையாக 1 ஓடுகிறது. 1937-இல் திறக்கப்பட்ட அந்தச் சாலை அன்றைய கார்களுக்காக அமைக்கப்பட்டது. அங்குள்ள புகழ்பெற்ற பிக்ஸ்பி பாலம் 1932-இல் கட்டி முடிக்கப்பட்டது. கீழே ஓடைவரை 260 அடிக்கு மேல் உயரம், மேலே இரண்டு திசைக்கும் சேர்த்து வெறும் 24 அடி அகலம். தனக்குரிய 12 அடியில் பத்தடியை நம் வண்டி அடைத்துக்கொள்ள, எதிரே அதே அளவில் இன்னொன்று வந்தால் மிஞ்சும் இடைவெளியை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். படம் எடுப்பதற்காகப் பாலத்தின் முனையில் தாறுமாறாக நிறுத்தப்பட்ட கார்களையும், சாலையை நடந்து கடப்பவர்களையும் இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை.

வளைவுகளில் நீளமான வண்டியின் பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்தில் வருவதில்லை. வளைவின் உட்புறத்தை வெட்டிக்கொண்டு வருகின்றன. வலப்புற வளைவில் அவை பாறைப் பக்கத்தையோ பள்ளத்தின் விளிம்பையோ நெருங்கும்; இடப்புற வளைவில் நடுக்கோட்டைத் தாண்டி எதிர்த்தடத்துக்குள் நுழையும். இதைத் தவிர்க்க முன்புறத்தை அகலமாக எடுத்துத் திருப்ப வேண்டும், ஆனால் அதற்கு அங்கே இடமில்லை. வளைவுகளில் பின்னால் வரும் காரை எண்ணிப் பலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் பெரும்பாலும் தேவையற்றது. பின்சக்கரங்களுக்குப் பின்னால் வெகுதூரம் நீண்டிருக்கும் வால்பகுதியில்தான் கார் கொளுவப்பட்டிருக்கிறது; திரும்பும்போது அந்த வால் வெளிப்புறமாக வீசுவதால், கார் ஏறக்குறைய மோட்டார்ஹோமின் பின்சக்கரங்கள் போன தடத்திலேயே வந்துவிடும்.

கார் தொல்லையாவது ஓடும்போதன்று, நின்றபிறகு. நான்கு சக்கரமும் தரையில் உருள இழுவைக் கம்பியில் கட்டப்பட்ட காரோடு பின்னோக்கி நகர முடியாது. சில அடிகளுக்குள் காரின் முன்சக்கரங்கள் ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும்; மேலும் தள்ளினால் கம்பியும் அதைத் தாங்கும் அடித்தட்டும் வளைந்துபோகும். பிக் சரில் சாலை மூடப்பட்டிருந்தாலோ, ஓர் ஒதுங்குமிடத்துக்குள் தவறாக நுழைந்துவிட்டாலோ, முதலில் காரை அவிழ்த்து, பிறகு பெரிய வண்டியைப் பின்னோக்கி எடுத்துத் திருப்பி, மீண்டும் இணைக்க வேண்டும். சரிவான அல்லது கோணலான தரையில் இழுவைக் கம்பியின் ஊசிகள் இறுகிக்கொண்டு கழற்ற வராது என்பதை இந்த வகை இழுவையைப் பயன்படுத்துவோர் எல்லோரும் அறிவார்கள். அங்கே சமதரை கிடைப்பதே அரிது.

சாலை மூடப்படுவது அங்கே அரிய நிகழ்வும் அன்று. 2017 மே மாதம் மட் கிரீக் என்னுமிடத்தில் மலைச்சரிவு சாலையைப் புதைத்தது; மறுபடி திறக்க 2018 ஜூலை ஆயிற்று. அதே 2017-இல் ஃபைஃபர் கேன்யன் பாலம் பழுதாகி இடிக்கப்பட்டுப் புதிதாகக் கட்டப்பட்டது. 2021 ஜனவரியில் ராட் கிரீக்கில் சாலையின் ஒரு துண்டே கடலுக்குள் போயிற்று. 2023-இலும் 2024-இலும் வேறு இடங்களில் மலை சரிந்தது. நடுவழியில் மலையைத் தாண்டி உள்நாட்டுக்குப் போக இருக்கும் நாசிமியென்டோ–ஃபெர்கஸன் சாலை குறுகலானது, செங்குத்தானது. பெரிய வண்டிக்கு அது வழியே அன்று. ஆகவே 1 மூடப்பட்டால், வந்த வழியே திரும்புவதைத் தவிர வேறு போக்கில்லை.

இரண்டு செய்திகளை இதனுடன் சேர்த்துக்கொள்ள வேண்டும். முந்த முடியாத இருவழிச் சாலையில் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட வண்டிகள் பின்னால் சேர்ந்துவிட்டால், மெதுவாகப் போகும் வண்டி அடுத்த ஒதுங்குமிடத்தில் விலகி வழிவிட வேண்டும் என்பது கலிபோர்னியாவின் சட்டம். பிக் சரில் ஐந்து வண்டிகள் சேர ஐந்து நிமிடமும் ஆகாது. ஆனால் 60 அடி தொடருக்குப் போதுமான ஒதுங்குமிடம் உடனே வருவதில்லை. அடுத்தது தங்குமிடம். ஃபைஃபர் பிக் சர் மாநிலப் பூங்காவின் முகாமில் மோட்டார்ஹோமுக்கான உச்ச நீளம் 32 அடி. அத்தனை பாடுபட்டு ஓட்டிச் சென்றாலும், பெரிய வண்டிக்கு அங்கே இரவு தங்க இடமில்லை.

101-இன் பக்கம் வருவோம். அதன் மீதான குற்றச்சாட்டு நியாயமானதே: கடலோரப் பயணம் என்று புறப்பட்டவருக்கு அது கடலைக் காட்டுவதில்லை. சாந்தா பார்பராவை ஒட்டியும் பிஸ்மோ பீச்சிலும் கடல் தெரியும். பிஸ்மோ பீச்சைத் தாண்டி வடக்கே போனதும் மறைந்துவிடும். பிறகு பாசோ ரோப்லஸ், கிங் சிட்டி, சலினாஸ் என்று திராட்சைத் தோட்டங்களும் கீரை வயல்களுமே துணை. கோடையில் வெயில் கடுமை; பிற்பகலில் சலினாஸ் பள்ளத்தாக்கில் வீசும் காற்று உயரமான வண்டியின் பக்கவாட்டில் அறையும். சான் லூயிஸ் ஒபிஸ்போவுக்கு வடக்கேயுள்ள க்வெஸ்டா ஏற்றம் ஏறத்தாழ 7 விழுக்காடு சரிவுள்ளது. ஆனால் அங்கே ஒரு திசைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தடங்கள் உண்டு. ஏறும்போது வலப்பக்கம் ஒதுங்கி மெதுவாக ஏறலாம், இறங்கும்போது எஞ்சின் பிரேக்கில் விட்டுவிடலாம். மிதிபிரேக்கைத் தொடாமல் இறங்கினால், காருக்குள் பொருத்திய துணைப் பிரேக்கும் தேவையின்றி இயங்கிச் சூடேறாது. டீசல் நிலையங்களும் பெரிய வண்டிகள் நுழைந்து நேராக வெளியேறக்கூடிய நிறுத்துமிடங்களும் வழியெங்கும் கிடைக்கின்றன.

என் முடிவு இதுதான்: மோட்டார்ஹோம் 101-இல் போக வேண்டும், கார் 1-இல் போக வேண்டும். தெற்கே மோரோ பேயிலோ பிஸ்மோ பீச்சிலோ இரண்டு இரவு தங்கி, காரை எடுத்துக்கொண்டு ராகெட் பாயின்ட்டுக்கு அப்பால் சிறிது தூரம் வரை போய்த் திரும்பலாம். பிறகு பெரிய வண்டியை 101 வழியாக மான்டரே பக்கம் கொண்டு சென்று நிறுத்தி, அங்கிருந்து காரில் பிக்ஸ்பி பாலம், கார்மெலுக்குத் தெற்கே சுமார் 37 மைலில் உள்ள மெக்வே அருவி என்று இறங்கிவரலாம். பிக் சரின் சிறந்த பகுதிகள் அனைத்தும் இந்த இரண்டு நாளில் அடங்கிவிடும். ஒரு முனை மூடப்பட்டிருந்தாலும் மறுமுனை நமக்கு மிஞ்சும். ஒரே மூச்சில் கடந்தோம் என்ற பெருமை கிடைக்காது. ஸ்டியரிங்கை இறுகப் பற்றியபடி சாலையின் விளிம்பை மட்டுமே பார்த்துக்கொண்டு கடந்தவருக்கு அந்தப் பெருமையைத் தவிர வேறெதுவும் கிடைக்காது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இந்தத் திட்டம் நடைமுறைக்கு வர, காரை எப்படி இழுக்கிறோம் என்பது முக்கியமாகிறது. காரின் முன்சக்கரங்களை மட்டும் தூக்கிவைக்கும் டாலி என்ற சிறு இழுவண்டி, அடிக்கடி ஏற்றி இறக்க அலுப்பானது. அதுவும் பின்னோக்கிப் போகாது, முகாமில் அதை நிறுத்தத் தனியிடமும் வேண்டும். முழுக் காரையும் ஏற்றும் டிரெய்லரோடு பின்னோக்கிப் போகலாம், எந்தக் காரையும் ஏற்றலாம், கடற்கரை மணலும் உப்பும் காரின் அடியில் அடிப்பதும் குறைவு. ஆனால் நீளமும் எடையும் கூடும், 45 அடி வண்டியோடு சேர்த்தால் 65 அடி வரம்பைத் தாண்டிவிடும். நான்கு சக்கரமும் உருள இழுப்பதில், தயாரிப்பாளர் அனுமதித்த கார்களை மட்டுமே இழுக்க முடியும் என்ற கட்டுப்பாடு உண்டு. எனினும் சமதரையில் சில நிமிடங்களில் அவிழ்த்துவிடலாம் என்பதால், தினமும் காரை எடுக்க வேண்டிய கரையோரப் பயணத்துக்கு அதுவே பொருந்தும்.

சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே ஒப்பீடு நீளத் தேவையில்லை. ஜென்னரைச் சுற்றியுள்ள மலைமுகடுகளும், கடலைவிட்டு லெகெட்டுக்கு ஏறும் கடைசி 22 மைலில் உள்ள இடைவிடாத வளைவுகளும் பெரிய வண்டிக்கு உரியவை அல்ல. அங்கும் 101-இல் போய், கடலோர ஊர்களைக் காரில் பார்ப்பதே சரி. 101-இலும் ரிச்சர்ட்சன் குரோவ் என்ற இடத்தில் ரெட்வுட் என்னும் மாபெரும் மரங்கள் சாலையின் வெள்ளைக்கோட்டை ஒட்டி நிற்கின்றன. வலக்கண்ணாடியை அங்கே மறக்கக் கூடாது. 31 மைல் நீளமுள்ள 'அவென்யூ ஆஃப் தி ஜயன்ட்ஸ்' பழைய 101-தான் என்றாலும், அதையும் காருக்கே விட்டுவைப்பது நல்லது.

ஆரகன் மாநிலத்துக்குள் நுழைந்ததும் நிலைமை தலைகீழாகிறது. அங்கே கடலோரச் சாலையே 101-தான். போட்டிக்கு இருப்பது வெகு உள்ளே ஓடும் ஐ-5 என்ற விரைவுச் சாலை மட்டுமே. இங்கே நான் தயங்காமல் மோட்டார்ஹோமைக் கடலோரமாகவே ஓட்டச் சொல்வேன். முந்துவதற்கான தடங்கள் இடையிடையே வருகின்றன, காட்சிமுனைகள் பலவற்றில் நீள வண்டியும் நிற்கலாம், கடற்கரைகள் 1967-ஆம் ஆண்டுச் சட்டப்படி பொதுமக்களுக்குரியவை. கவனிக்க வேண்டியவை பாலங்கள். நியூபோர்ட், ஃபுளோரன்ஸ், ரீட்ஸ்போர்ட், கூஸ் பே ஆகிய ஊர்களில் 1936-இல் முடிக்கப்பட்ட பாலங்கள் கண்ணுக்கு இனியவை, தடங்களோ குறுகலானவை. கொலம்பியா ஆற்றின் முகத்துவாரத்தில் 4.1 மைல் நீளும் அஸ்டோரியா–மெக்லர் பாலத்தில் பலத்த காற்று வீசும் நாளில் ஏறாமல் காத்திருப்பதே அறிவு. 'மூன்று முனை' சுற்றுச்சாலை, கேப் பெர்பெச்சுவாவின் உச்சிக்கு ஏறும் சாலை ஆகியவை காருக்குரியவை.

எந்தத் திசையில் போவது என்பதற்கு ஆரகனில் தெளிவான விடை உண்டு: வடக்கிலிருந்து தெற்கே. அமெரிக்காவில் வலப்புறமாக ஓட்டுவதால், தெற்கே போகும்போது கடல் நம் பக்கத்திலேயே வரும். எதிர்த்தடத்தைக் குறுக்கே கடக்காமல் 60 அடி தொடரைக் காட்சிமுனைக்குள் நுழைத்து வெளியேறலாம். கோடையில் கரையோரக் காற்று பெரும்பாலும் வடக்கிலிருந்தே வீசுவதால் அது முதுகில் தள்ளும். இதற்கு விலை கொடுப்பவர் ஓட்டுநருக்கு வலப்பக்கத்தில் அமர்ந்திருப்பவர். நேகானி மலைச்சரிவில் கடலுக்கு நேர்மேலே அவருடைய இருக்கைதான் தொங்கும். உயரத்துக்கு அஞ்சுபவரானால், அந்தச் சில மைல்களைக் கண்ணை மூடிக்கொண்டு கடப்பதில் தவறொன்றும் இல்லை.